இரண்டரை மூட்டை சுண்ணாம்பு

மூன்று மூட்டை கேட்டிருந்தேன்.
இரண்டரைதான் வந்து இறங்கியது.
ரசீதில் மூன்று என்றே இருக்கிறது.

கோத்தகிரியில் சமதரை என்பது
ஒரு வதந்தி.
இருப்பதில் குறைவாகச் சரிந்த மைதானம் இது,
மேற்கு மூலை மட்டும் முழங்கால் உயரம்.
வெல்டிங் பட்டறை பெள்ளிராஜ்
ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:
"சக்கர நாற்காலிப் பந்தயத்தைக்
கிழக்கே பார்த்து வைத்தால்
எல்லாரும் ஜெயிப்பார்கள் டீச்சர்,
யாரும் நிற்க மாட்டார்கள்."
மேற்கே பார்த்து வைத்தோம்.

விடியற்காலை வந்து பார்த்தால்
நேற்றுப் போட்ட ஆறு தடங்களுக்கும் குறுக்கே
காட்டெருமைகள் நடந்துபோயிருக்கின்றன.
ஐந்தாம் தடத்தில் சாணி,
இன்னும் ஆவி பறக்க.
மூன்றாவதில் ஆழமாய் ஒரு குளம்பு,
அதில் நிறையப் பனித்தண்ணீர்.
அந்த அரை மூட்டை இருந்திருந்தால்
என்று நினைத்ததைத் தவிர
அவற்றின் மேல் எனக்குக் கோபமில்லை.

என் பையில் நான்காய் மடித்த பட்டியல்.
நாற்பத்தொரு பிள்ளைகள்.
ஒவ்வொரு பெயருக்கும் எதிரே
அடையாள அட்டை சொல்லும் சதவீதம்:
அறுபது, எழுபத்தைந்து, தொண்ணூறு.
அதை அடித்துவிட்டு நான் எழுதிவைத்தது:
நஸ்ரின், விசில் ஊதினால் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.
செல்வநாயகி, இடது ஷூவுக்குள் துணி வைக்க வேண்டும்.
ரூபனுக்குக் காது கேட்காது, கொடியை உயர்த்திக் காட்டு.
ஹரிகிருஷ்ணன், பஸ்ஸில் ஜன்னலோரம். இல்லையென்றால் வாந்தி.
மிதுன், ஜெயித்தாலும் அழுவான்.

மிதுனின் அம்மா பத்மாவதி
இன்றைய பேரை விட்டுவிட்டு
சோலூர்மட்டத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தாள்.
கொழுந்துக் காலத்தில் ஒரு பேர் என்றால்
அது வெறும் பேர் இல்லை.
"ஓடி என்ன டீச்சர் ஆகப்போகுது?"
அழைப்பிதழில் அதற்குப் பதில் உண்டு,
தன்னம்பிக்கை என்று.
நானே தட்டச்சு செய்த சொல்.
அவள் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல வரவில்லை.
முடிவுக் கோட்டுக் கயிற்றின் ஒரு முனையைக்
கையில் கொடுத்தேன்.
மறுமுனையைக் கம்பத்தில் கட்டினேன்.

பத்து மணிக்கு மஞ்சு இறங்கியது.
முதலில் சில்வர் ஓக் மரங்கள் போயின,
பிறகு மேடை,
பிறகு என் கையிலிருந்த கொடி.
விசில் கூடாது. கொடி தெரியாது.
சிறப்பு விருந்தினர் கட்டபெட்டுக்கு அப்பால்
முகப்பு விளக்கோடு ஊர்ந்து வருவதாகத் தகவல்.
தள்ளிவைக்கலாமா என்று
சுற்றிலும் வெள்ளையாயிருந்த திசைகளைக் கேட்டேன்.

ரூபன் என் கையைப் பிடித்து
ஒருமுறை அழுத்தினான்.
பிறகு ஹரியின் கையை.
பிறகு என்னைப் பார்த்தான்,
இதுகூடத் தெரியாதா என்பதுபோல.

ஆறு பேரும் கைகோத்து நின்றார்கள்.
நான் ஒரு கோடியில்.
அழுத்தம் கைமாறிக் கைமாறிக்
கடைசிக் கைக்குப் போனதும் விட்டுவிட்டு ஓட வேண்டும்.
முதல் தடவை
ஹரி தும்மியதில் பாதிப் பேர் ஓடிவிட்டார்கள்.
கூப்பிட்டுக் கொண்டுவந்து
மறுபடி நிறுத்தினோம்.

அழுத்தினேன்.
ஒரு நொடி ஒன்றுமில்லை.
பிறகு கைகள் அவிழ்ந்து
ஆறு முதுகுகளும் மஞ்சுக்குள் போயின.
காலடிகள் மட்டும்,
ஒன்று கொஞ்சம் இழுத்து இழுத்து.

"கயிறு அஞ்சு தரம் ஆடிச்சு டீச்சர்,"
வெள்ளைக்குள்ளிருந்து பத்மாவதியின் குரல்.

மஞ்சு விலகியபோது
மூன்றாம் தடத்தில்
நாங்கள் மூட மறந்த குளம்புக் குழியருகே
மிதுன் குந்தியிருந்தான்,
ஒரு விரலைத் தண்ணீரில் விட்டு
ஆழம் பார்த்தபடி.
அழவில்லை.

அதற்குள் கார் வந்து நின்றது.
விருந்தினர், சால்வைக்காரர், போட்டோக்காரர்
மேடைக்குப் போக வழியில் கயிறு.
கொஞ்சம் இறக்கும்மா, என்றார் யாரோ.
அவள் கயிற்றை
இன்னும் ஒரு சுற்று
மணிக்கட்டில் சுற்றிக்கொண்டாள்.

"இருங்க சார்.
ஒருத்தன் இன்னும் ஓடிக்கிட்டிருக்கான்."

குந்தியிருக்கிறான் என்று
நான் திருத்தவில்லை.
விருந்தினர் வாட்சைப் பார்த்தார்.
பிறகு, வேறு வழியில்லாமல்,
அவனைப் பார்த்தார்.